ஏற்காட்டு ரிப்பீட்டருக்கு ஒரு டாஸ் டிஸ்க்

வயர்லெஸ் செட்டுகள் லேசில் சாவதில்லை. சேலத்தில் இத்தனை வருஷம் சர்வீஸ் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. 1990களில் வந்த மோட்டோரோலா ஜிஎம்300 இன்றைக்கும் 12 வோல்ட் கொடுத்தால் உயிரோடு எழுந்து நிற்கிறது. ஸ்பீக்கர் போனால் மாற்றலாம், மைக் ஒயர் அறுந்தால் மாற்றலாம், பவர் மாட்யூல்கூட அலைந்தால் கிடைத்துவிடும். ஆனால் அந்த செட்டுக்கு ஒரு புது அலைவரிசையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே எழுதிய மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் ஓட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், குறையே இல்லாத செட் எடைக்குப் போய்விடும். அப்படிப் போனவை நிறைய. எனக்கு அது வயிற்றெரிச்சல்.

அதற்கு முந்தைய தலைமுறை செட்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கிரிஸ்டல் இருக்கும். அலைவரிசை மாற வேண்டுமா, கிரிஸ்டலை வெட்டி வாங்கிச் சொருகினால் முடிந்தது. கிரிஸ்டல் மாற்றாமலே எந்த அலைவரிசையையும் உருவாக்கும் சிந்தசைசர் சுற்று வந்த பிறகு எல்லாமே செட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஈஈப்ராம் (EEPROM) நினைவகச் சிப்பில் எழுதப்படுகிறது. அலைவரிசை, டோன் (குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய அடையாள ஒலி), பவர், எவ்வளவு நேரம் தொடர்ந்து பேசலாம் என்ற டைம்அவுட் எல்லாம் அதற்குள்தான். இந்தத் தொகுப்பைக் கோட்பிளக் என்போம். ஜிஎம்300 விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பின்பக்கத்தில் 16 பின் கனெக்டர் ஒன்று இருக்கும். அதில் சில பின்கள் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதையும் மென்பொருளில்தான் சொல்ல வேண்டும். இதனால்தான் இரண்டு ஜிஎம்300ஐ முதுகோடு முதுகு சேர்த்து ரிப்பீட்டர் செய்ய முடிகிறது. ஒன்று கேட்கும், இன்னொன்று அதையே திருப்பி அனுப்பும்.

நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் இப்படி ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. மேட்டில் ஒரு சின்ன ஷெட், பக்கத்தில் ஆண்டெனாக் கம்பம். பங்களா, களம், பல்பிங் ஷெட், இரண்டு டிவிஷன் எல்லாம் அதை நம்பித்தான். சேர்வராயன் மலையில் தோட்டங்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சரிவில் நிற்பவருக்கும் அடுத்த சரிவில் நிற்பவருக்கும் நடுவில் ஒரு முழு மலை முதுகு. கையில் இருக்கும் செட் அதைத் தாண்டிப் பேசாது. செல்போன் டவர் வந்த பிறகும் பள்ளத்துப் பிளாக்குகளில் சிக்னல் கிடையாது. காட்டெருமை இறங்கினால் பழம் பறிக்கும் ஆட்களுக்குச் சொல்லவும், யாராவது வழுக்கி விழுந்தால் ஜீப் கூப்பிடவும் இந்த வயர்லெஸ்தான் வழி.

சித்திரை மாதத்து இடிமழையில் அந்த ரிப்பீட்டரின் அனுப்பும் செட் போய்விட்டது. தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் போனில் சொன்னார்: "சார், பட்டனை அழுத்தினா செட்டுல சிவப்பு லைட்டு எரியுது, ஆனா அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கலைங்க." மேலே போய்ப் பார்த்தபோது கேட்கும் செட் நன்றாக இருந்தது. அனுப்பும் செட்டில் போர்டே கருகியிருந்தது. அதே மாடல் செகண்ட் ஹேண்டில் ஒன்று பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்குள் ஏதோ வாடகைக் கார் கம்பெனியின் சேனல்கள். அவற்றை அழித்துத் தோட்டத்தின் அலைவரிசையை எழுத வேண்டும். இங்கேதான் தேடல் ஆரம்பம்.

விவரம் தெரிந்த டீலர் ஒருவரைக் கேட்டேன். "அதெல்லாம் மூடியாச்சுங்க, புதுசா டிஜிட்டல் செட் போடச் சொல்லுங்க" என்றார். புதிதாகப் போட ரிப்பீட்டர் மட்டும் மாற்றினால் போதாது, கையில் இருக்கும் செட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், உரிமத்தில் கருவி விவரம் மாற வேண்டும். காபி விலை ஏறி இறங்கும் நிலையில் அந்த முதலாளி அதற்குத் தயாராக இல்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. கெட்டது ஒரு செட். அதற்காக நல்ல செட்டுகளை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

இணையத்தில் செட்டின் பெயரைப் போட்டு 'மென்பொருள் இலவசம்' என்று தேடினால் வந்து விழுவதில் பெரும்பகுதி குப்பை. டவுன்லோட் பட்டன் மேல் டவுன்லோட் பட்டன், அழுத்தினால் வேறு ஏதோ நிறுவப்படும். செட்டின் பெயரை வைத்துத் தேடுவதே வீண். சர்வீஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் துணைக்கருவிகள் பட்டியல் இருக்கும். அதில் மென்பொருளுக்கும் கேபிளுக்கும் தனித்தனி உதிரி எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் குப்பை குறையும், பழைய விலைப்பட்டியல், பழைய சர்க்குலர், எந்தப் பதிப்பு எந்த செட்டுக்கு என்ற குறிப்பு எல்லாம் மேலே வரும். பதிப்பு முக்கியம். பழைய பதிப்பு மென்பொருள் பின்னால் வந்த செட்டை அடையாளம் கண்டுகொள்ளாது. சில செட்டுகளில் புதிய பதிப்பால் எழுதிவிட்டால் பழையதால் மறுபடி படிக்க முடியாது. கம்பெனியின் பழைய இணைய முகவரி தெரிந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பார்க்கலாம். நேரடி இணைப்பாக வைத்திருந்த கோப்புகள் சில சமயம் அப்படியே கிடைக்கும். கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டிய டீலர் பக்கங்கள் கிடைக்காது.

ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அந்த செட்டை முதன்முதலில் மாட்டிக்கொடுத்தவரின் அலமாரி. இதை நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். இணையத்தில் கிடைப்பது யாரோ எப்போதோ நகலெடுத்தது, எதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. மாட்டியவரிடம் இருப்பது காசு கொடுத்து வாங்கிய மூல டிஸ்க், அந்த செட்டோடு வேலை செய்த அதே பதிப்பு. விற்பனை நின்றுபோனதாலேயே மென்பொருள் பொதுச்சொத்து ஆகிவிடாது, பதிப்புரிமை பதிப்புரிமைதான். ஆகவே உரிமத்தோடு வாங்கிய ஒருவரைக் கண்டுபிடிப்பது நேர்வழியும்கூட.

தோட்டத்து ஆபீசில் பழைய ஃபைலை எடுக்கச் சொன்னேன். எஸ்டேட் ஆபீஸ்களின் பெரிய குணம், காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். ரிப்பீட்டர் மாட்டிய வருஷத்து பில் இருந்தது. சேலத்துக் கடை ஒன்றின் பெயர். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ரெடிமேட் துணி விற்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்ததில் அங்கே வேலை பார்த்த மெக்கானிக் அம்மாப்பேட்டையில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். செட்டின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த மேட்டு ஷெட்டா தம்பி? கம்பம் நட்டதே நாங்கதான். டிஸ்க் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. ஓனர் கடையை மூடும்போது சர்வீஸ் சாமான் பூரா எனக்கே கொடுத்துட்டாரு. ஆனா படிக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"படிக்கலைன்னாலும் பரவாயில்லைங்கண்ணா, ஒரு தடவை பார்த்துடலாம்" என்றேன்.

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா இறங்கியது. உள்ளே மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள், சாம்பல் நிற இன்டர்ஃபேஸ் பெட்டி, சுருட்டிய கேபிள்கள். டிஸ்குகளைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் உருகி, மேல் டிஸ்கின் லேபிளோடு ஒட்டிப்போயிருந்தது. லேபிளில் நீல மையில் மாடலும் பதிப்பு எண்ணும். அண்ணன் நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார், ஒரு எழுத்துகூடப் போகாமல்.

ஃப்ளாப்பியை எடுத்ததும் கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது. முதலில் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். ஓட்டை திறந்திருந்தால் யாரும் அதில் எழுத முடியாது. அப்புறம் உலோக மூடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் வட்டத்தை விரலால் சுற்றிப் பழுப்பு நிறத் தகட்டை முழுக்கப் பார்க்க வேண்டும். அம்மாப்பேட்டை டிஸ்குகள் சுத்தமாக இருந்தன. சேலத்து வறண்ட சூடு லேபிளைத்தான் பழுப்பாக்கியிருந்தது.

மலைமேல் இருந்த டிஸ்க் கதை வேறு. ரிப்பீட்டர் மாட்டியபோது எழுதிய கோட்பிளக் கோப்புகளை ஒரு டிஸ்கில் போட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்ததாக அண்ணன் நினைவுபடுத்திச் சொன்னார். ரைட்டர் பங்களா பீரோவில் தேடி எடுத்தார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். அந்த ஈரத்தில் தகடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, உப்புப் பூத்த சுவர் மாதிரி. ஆனால் எனக்கு அது அவசியம் வேண்டும். அலைவரிசை உரிமத்தாளில் இருக்கும், டோன் இருக்காது. கேட்கும் செட் பிழைத்ததால் அதன் டோனை அதிலிருந்தே படித்துவிடலாம். கருகிய செட் எந்த டோனோடு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. கையில் இருக்கும் செட்டுகள் அந்த டோன் வந்தால்தான் வாயைத் திறக்கும். டிஸ்க் கைவிட்டால், 67 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் டோன் வரிசையை டெஸ்ட் செட்டிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பி, எதற்குத் தோட்டத்துக் கைசெட் திறக்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் முடியும், ஆனால் பின்பக்கப் பின்களின் அமைப்பும் மற்ற சில்லறை விவரங்களும் அதில் தெரியாது.

பூஞ்சை டிஸ்கை நல்ல டிரைவில் போட்டால் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்து வரும் டிஸ்கையும் கெடுக்கும். அதனால் ஒதுக்கி வைத்த ஒரு பழைய டிரைவ். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பட்ஸில் தொட்டு, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும். முழுக்க உலர விட வேண்டும். படிக்கும்போது கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்க முயலாமல் டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பமாக எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். எங்கே நின்றோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கும், நடுவில் ஹெட்டைத் துடைத்துவிட்டுத் தொடரலாம். யுஎஸ்பியில் சொருகும் ஃப்ளாப்பி டிரைவ்கள் இந்த மாதிரி வேலைக்கு லாயக்கில்லை, சீக்கிரம் கையை விரித்துவிடும். கம்ப்யூட்டருக்குள் ரிப்பன் கேபிளில் மாட்டும் டிரைவ்தான் நல்லது. இன்னும் மோசமான டிஸ்க் என்றால் கிரீஸ்வீசல் என்றொரு சின்ன போர்டு இருக்கிறது. தகட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்துகொள்ளும், பிறகு நிதானமாக எழுத்தாக மாற்றலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. கெட்டுப்போன செக்டர்கள் வெற்று இடத்தில் இருந்தன, கோட்பிளக் கோப்புகள் முழுசாக வந்துவிட்டன.

அந்தக் காலத்து டிஸ்குகளில் பூட் செக்டர் வைரஸ்கள் சகஜம். கடைக்குக் கடை டிஸ்க் கைமாறிய காலம் அது. பிம்பத்தை எடுத்ததும் ஸ்கேன் செய்துவிட்டு, வேறு எதனோடும் இணைக்காத கம்ப்யூட்டரில் மட்டும் திறப்பது என் வழக்கம்.

சரி, மென்பொருள் கிடைத்தாயிற்று. அதை எதில் ஓட்டுவது?

மென்பொருள் எழுதப்பட்டது டாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளத்துக்கு. புது லேப்டாப்பில் 64 பிட் விண்டோஸ் இந்தப் பழைய டாஸ் நிரலைத் திறக்கவே மறுக்கும், 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே அதில் கிடையாது. சரி என்று, விண்டோஸுக்குள்ளேயே டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலில் போட்டால் திரை வரும், மெனு வரும். செட்டைப் படிக்கச் சொன்னால் பதில் இல்லை என்று நிற்கும். காரணம் இரண்டு. முதலாவது, டாஸ் நிரல் விண்டோஸிடம் அனுமதி கேட்டு சீரியல் போர்ட்டுக்குப் போவதில்லை. காம் 1 என்றால் அதன் வன்பொருள் முகவரிக்கே நேராகப் போய்க் கதவைத் தட்டும். யுஎஸ்பியில் சொருகிய சீரியல் கேபிள் அந்த முகவரியில் இருக்காது. டாஸ்பாக்ஸ் நடுவில் நின்று இதைச் சமாளிக்கும், சில மென்பொருளுக்கு அது போதும். இரண்டாவது காரணம் நேரம். 'செட் பதில் சொல்லும்வரை இவ்வளவு நேரம் காத்திரு' என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதாமல், 'இத்தனை வரை எண்ணு' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்து 386 கம்ப்யூட்டரில் அந்த எண்ணிக்கைக்குப் போதிய நேரம் பிடித்தது. வேகமான கம்ப்யூட்டர் கண் இமைக்கும் முன்பே எண்ணி முடித்துவிட்டு, செட் வாய் திறப்பதற்குள் 'பதில் இல்லை' என்று அறிவித்துவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோய் 'ரன்டைம் எரர் 200'. டர்போ பாஸ்கலில் எழுதிய டாஸ் நிரல் எதையாவது திறந்தவுடன் இந்த எண்ணோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த நிரல் தொடங்கும்போதே 55 மில்லிசெகண்டில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்த்து 55ஆல் வகுக்கும். பென்டியம் 2 காலத்திலிருந்து வந்த வேகத்தில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, வகுத்தல் பிழை என்று நின்றுவிடும். இதற்குச் சின்னத் திருத்த நிரல்கள் உண்டு.

எனக்குக் கை கொடுத்தது ஒரு பாலிடெக்னிக் கண்டம் செய்து ஏலத்தில் விட்ட பழைய பென்டியம். பழைய சாமான் கடையில் மானிட்டர் இல்லாமல் கிடந்தது. பின்னால் நிஜமான 9 பின் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுத்தேன். சிஎம்ஓஎஸ் பேட்டரி செத்திருந்தது, சிஆர்2032 போட்டால் சரியாயிற்று. ஹார்ட் டிஸ்க் சத்தம் நம்பும்படி இல்லை. அதைக் கழற்றிவிட்டுக் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஒன்றை அடாப்டரில் வைத்து ஐடிஇ கேபிளில் மாட்டினேன். அந்த கார்டு மின்சார ரீதியில் ஐடிஇ டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும், அடாப்டரில் வெறும் ஒயர் இணைப்புதான். அதில் ஃப்ரீடாஸ். இலவசம், இன்றும் பராமரிக்கிறார்கள், பழைய டாஸ் நிரல்கள் மறுப்பில்லாமல் ஓடுகின்றன.

வேகத்தைக் குறைக்க மோஸ்லோ மாதிரியான நிரல்கள் உண்டு. அவை பிராசசரை அவ்வப்போது பிடித்து நிறுத்தி வைப்பவை. சராசரி வேகம் குறையுமே தவிர, விட்ட நேரத்தில் அது பழைய வேகத்தில்தான் ஓடும். நேரம் பார்த்துப் பேசும் வேலைக்கு இந்த விட்டு விட்டு ஓடும் ஓட்டம் ஒத்துவராமல் போகலாம். அதைவிட, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய், பிராசசருக்கு வேகம் கொடுக்கும் கேஷ் நினைவகத்தை, உள், வெளி இரண்டையும், அணைத்துவிடுவது மேல். கம்ப்யூட்டர் மொத்தமாக, ஒரே சீராக மந்தமாகும். இதைச் செய்ததும் அதுவரை பேசாத செட் பேச ஆரம்பித்தது.

இன்டர்ஃபேஸ் பெட்டி பற்றிக் கொஞ்சம். கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் அளவில் பேசும். செட்டுக்குள் இருப்பது 5 வோல்ட், அதிலும் போவதும் வருவதும் ஒரே ஒயரில். நேராக இணைத்தால் செட்டின் மைக்ரோகன்ட்ரோலருக்கு ஆபத்து. நடுவில் நின்று இரண்டையும் பொருத்துவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. மூலப்பெட்டி கிடைக்காதவர்கள் மாக்ஸ்232 சிப், நாலு கெப்பாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர் வைத்துத் தாங்களே செய்துகொள்ளலாம், சுற்றுப்படங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஜிஎம்300இல் முன்பக்க மைக் சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். அதில் எந்த பின் எது என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே சொருகுங்கள். அதே சாக்கெட்டில் சப்ளை வோல்டேஜும் வருகிறது.

படிப்பது முதலில், எழுதுவது கடைசியில். இந்த வேலையில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வரிசை இது. முதலில் நன்றாக இருக்கும் கேட்கும் செட்டைப் படித்துச் சேமித்தேன். அப்புறம் பெங்களூர் செட்டை, உள்ளே இருந்த வாடகைக் கார் சேனல்களோடு அப்படியே படித்து அதையும் சேமித்தேன். வேண்டாத விவரம்தானே என்று தோன்றும். ஆனால் கோட்பிளக்கில் சேனல் மட்டும் இல்லை, அந்தக் குறிப்பிட்ட செட்டுக்குத் தொழிற்சாலையில் அளந்து வைத்த பவர், டீவியேஷன் (பேசும்போது அலைவரிசை எவ்வளவு விலகலாம் என்பது) அளவுகளும் உண்டு. ஒரு செட்டின் கோப்பை இன்னொன்றில் மொத்தமாகக் கொட்டினால் அந்த அளவுகள் கலைந்துபோகும். அதனால் பழைய டிஸ்கில் இருந்த கோப்பைத் திரையில் பார்த்து, அலைவரிசை, டோன், டைம்அவுட், பின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, புது செட்டின் சொந்தக் கோப்பில் கையால் அடித்தேன். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். நிரலின் சாவிகள் எல்லாம் அவர் விரலில் இன்னும் இருந்தன. நான் மெனுவைத் தேடுவதற்குள் 'எஃப் 3 தம்பி' என்பார்.

எழுதும்போது கரண்ட் போனால் செட் பாதி கோட்பிளக்கோடு மயங்கிவிடும், சில சமயம் மறுபடி எழுந்திருக்காது. அதனால் செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி, கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ். எழுதி முடித்ததும் மறுபடி படித்து, எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி அலைவரிசையையும் பவரையும் அளக்க வேண்டும். மேட்டு ஷெட்டில் மாட்டும்போது ரைட்டர் கீழ் டிவிஷனில் நின்றுகொண்டு கூப்பிட்டார், முதல் கூப்பாட்டிலேயே பங்களாவில் கேட்டது. ஒரே ஆண்டெனாவில் கேட்பதையும் அனுப்புவதையும் பிரித்து வைக்கும் டியூப்ளெக்சரைத் தொடவே இல்லை, அலைவரிசை மாறாததால் அதற்கு அவசியமும் இல்லை.

உரிமத்தாளில் இருக்கும் அலைவரிசையைத் தவிர வேறு எதையும் எழுத மாட்டேன் என்பதைக் கேட்டு வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1933ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே நம் நாட்டில் வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். அலைவரிசை ஒதுக்குவது மத்திய அரசின் டபிள்யூபிசி. மென்பொருள் கையில் இருப்பதாலேயே 'பக்கத்து சேனல் ஒண்ணு போட்டுக் கொடுங்க' என்று கேட்பார்கள். அது வேறு யாருக்கோ ஒதுக்கிய பாதை, ஆம்புலன்ஸோ காவல்துறையோகூட இருக்கலாம்.

விண்டோஸ் மென்பொருள் உள்ள செட்டுகள் இவ்வளவு பாடுபடுத்தாது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு, சீரியல் போர்ட்டை அதற்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அங்கே தகராறு கேபிளில்தான் வரும். சந்தையில் போலிச் சிப் வைத்த யுஎஸ்பி கேபிள்கள் ஏராளம், புது டிரைவர் அவற்றை ஏற்காது. 2014இல் இந்தச் சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட ஒரு விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கியது நினைவிருக்கலாம். நல்ல சிப் என்றாலும் அந்த டிரைவரில் லேட்டன்சி டைமர், அதாவது வந்த தகவலைக் கம்ப்யூட்டருக்குத் தருமுன் காத்திருக்கும் நேரம், 16 மில்லிசெகண்டில் இருக்கும், அதை 1க்குக் குறைத்தால் பாதியில் அறுந்துபோகும் செட்டுகள் சில ஒழுங்காகப் பேசும். ஹாம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசும் நண்பர்களுக்கு இன்னும் சுலபம். சிர்ப் என்ற இலவச நிரல் பல ஹாம் செட்டுகளை ஒரே இடத்திலிருந்து எழுதும். ஆனால் ஜிஎம்300 காலத்து வணிக செட்டுகளுக்கு அதை நம்பிப் பயனில்லை.

பிராண்டே மறைந்துபோகும்போது நிலைமை இன்னும் சிக்கல். வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்ட் செட்டுகள் சேலத்தில் நிறைய ஓடின, இப்போதும் சில இடங்களில் ஓடுகின்றன. 2008இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை மோட்டோரோலா வாங்கியது. 2012இல் ஹாம் செட் செய்யும் யேசு (Yaesu) நிறுவனம் தனியே பிரிந்தது. பிறகு வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்ட் என்ற பெயரும் சந்தையிலிருந்து போய்விட்டது. இப்படிக் கைமாறும் நாளில் முதலில் காணாமல் போவது பழைய மாடல்களின் டவுன்லோட் பக்கம்தான். கம்பெனி கைமாறுகிறது என்று செய்தி வந்தால் உங்களிடம் இருக்கும் செட்டின் மென்பொருள், மேனுவல், டிரைவர் மூன்றையும் அந்த வாரமே முறையாக வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் கேட்டால் கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

தோட்டத்துக்கு இப்போது ஒரு காற்றுப்புகாத டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், எல்லா செட்டுகளின் கோட்பிளக் கோப்புகளும் உள்ள பென் டிரைவ், அதே விவரங்கள் அச்செடுத்த தாள். தாள்தான் எனக்கு அதிக நம்பிக்கை. அலைவரிசை, டோன், டைம்அவுட், 16 பின்னில் எது என்ன வேலை, எந்த மென்பொருள் எந்தப் பதிப்பு, எந்தக் கம்ப்யூட்டரில் கேஷை அணைத்து ஓட்டினோம் என்பது வரை அதில் இருக்கிறது. டப்பா பங்களாவில் ஒன்று, சேலத்தில் இன்னொன்று. மலை ஈரம் ஒன்றைக் கெடுத்தாலும் கீழே ஒன்று இருக்கும். அண்ணனின் மூல டிஸ்குகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், பிம்பம் எடுத்த பென் டிரைவ் ஒன்றையும் சேர்த்து.

அவருடைய டப்பாவில் ஜிபி300 கைசெட்டுக்கான டிஸ்க் இல்லை. தோட்டத்தில் அந்த மாடல் இன்னும் ஓடுகிறது, இன்றைக்கு எதுவும் பழுதில்லை. பழுதாகும் முன்பே தேட ஆரம்பித்திருக்கிறேன். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் 1990களில் வயர்லெஸ் கடை வைத்திருந்தவர்களோ, அங்கே வேலை பார்த்தவர்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், பரணைச் சுத்தம் செய்யும்போது ஃப்ளாப்பி டப்பாவை எடைக்குப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். பூஞ்சை இருந்தால் அவர்கள் துடைக்க வேண்டாம், சொருகிப் பார்க்கவும் வேண்டாம்.